வளவில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை

மனச்சோர்வில் இருக்கும் இளம்பிள்ளைகளைப் பற்றிப் பேச்செடுத்தால், காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் முதலில் காதில் விழுவது தூக்கம் பற்றிய புகார்தான். "ராத்திரியெல்லாம் முழிச்சுக்கிட்டு பொழுது உச்சிக்கு ஏறுற வரைக்கும் தூங்குறான்" என்று அப்பத்தா சொல்வார். உடனே கைவசம் இரண்டு வைத்தியம் தயாராக இருக்கும். ஒன்று, விடிகாலை ஐந்து மணிக்கு எழுப்பி வெயிலில் நிறுத்துவது. மற்றொன்று, யூடியூபில் பார்த்துப் பத்தாயிரம் லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கு ஒன்றை வரவழைத்து மேசையில் வைப்பது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளையின் உடம்புக்கு அப்போது மணி என்ன என்று யாருமே கேட்பதில்லை. வெளிச்சம் மருந்து என்றால், வேளை தவறிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் இழுக்கும் மருந்து.

இந்த வைத்தியம் பிறந்தது குளிர்நாட்டில். இரவில் சுரந்து உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்செய்யும் ஹார்மோன் மெலட்டோனின். சாதாரண அறை வெளிச்சத்துக்கு அசையாத அதன் சுரப்பு 2,500 லக்ஸ் வெளிச்சத்தில் அடங்கிவிடுகிறது என்று 1980இல் ஆல்ஃபிரட் லூயி குழுவினர் காட்டினார்கள். 1984இல் நார்மன் ரோசென்தால் குழுவினர், குளிர்காலத்தில் மட்டும் வந்து வசந்தத்தில் விலகும் மனச்சோர்வை விவரித்து, அதற்கு வெளிச்சத்தையே சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே குளிர்காலத்தில் பகல் எட்டு மணி நேரமாகச் சுருங்கும் ஊர்கள் உண்டு. செட்டிநாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்கூட இல்லை. மே, ஜூனில் ஆறு மணிக்குச் சற்று முன்பும், ஜனவரிக் கடைசியில் ஆறரையைத் தாண்டியும் சூரியன் உதிக்கும். "அப்படியானால் நமக்கு எதற்கு இது?" என்ற கேள்வி நியாயமானதே.

பதில், பருவத்தோடு சம்பந்தமில்லாத மனச்சோர்விலும் இது வேலை செய்கிறது என்பது. ரேமண்ட் லாம் குழுவினர் கனடாவில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வில் 19 முதல் 60 வயது வரையான 122 பேர் பங்கெடுத்தார்கள். தினமும் எழுந்தவுடன் 30 நிமிடம் 10,000 லக்ஸ் வெளிச்சம், அல்லது மனச்சோர்வு மருந்தான ஃபுளூவாக்ஸெடின் 20 மில்லிகிராம், அல்லது இரண்டும், அல்லது இரண்டுமே போலி. எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது, வெளிச்சமும் மருந்தும் சேர்ந்த குழுவில் ஏறத்தாழ 59 சதவீதம் பேர் நோய்க்குறிகள் நீங்கித் தேறியிருந்தார்கள். வெளிச்சம் மட்டும் எடுத்தவர்களில் 44, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 19, போலிக் குழுவில் 30. ஒரே ஆய்வை வைத்துக்கொண்டு மாத்திரையைத் தூக்கி எறியச் சொல்வது அயோக்கியத்தனம். பதின்வயதினரிடம் நடந்த ஆய்வுகளோ பெரியவர்களிடம் நடந்தவற்றைவிடச் சிறியவை, எண்ணிக்கையிலும் குறைவு. ஆனாலும் இளவயது மனச்சோர்வில் தூக்க நேரம் பின்னால் தள்ளிப்போவது அடிக்கடி காணும் விஷயம் என்பதால், வெளிச்சத்துக்கு இங்கே இரண்டு வேலை: மனநிலையைத் தூக்குவது, உடம்பின் கடிகாரத்தை முன்னுக்கு இழுப்பது. இரண்டாவது வேலையைப் பற்றித்தான் நம் வீடுகளில் தெளிவு போதவில்லை.

உடம்பின் நாள் சரியாக 24 மணி நேரம் அல்ல. சராசரியாக அதைவிடப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அதிகம். விட்டால் தினமும் கொஞ்சம் பின்னுக்குப் போகும். அதைப் பிடித்து நிறுத்துவது கண்ணுக்குள் போகும் பகல் வெளிச்சம். பார்ப்பதற்கென்று உள்ள செல்கள் தவிர, வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்லும் தனிச் செல்கள் விழித்திரையில் இருக்கின்றன. 2002இல் இவை உறுதியாயின. 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கு இவை அதிகம் பதில் சொல்லும். பருவ வயது தொடங்கியதும் கடிகாரம் இயல்பாகவே பின்னால் நகர ஆரம்பித்து, இருபது வயதையொட்டி உச்சத்தைத் தொட்டுப் பிறகு திரும்பும். பதினெட்டு வயதுப் பிள்ளை ஒரு மணிக்குத் தூங்குவதில் பாதி உடற்கூறு. அதைச் சோம்பேறித்தனம் என்று தினம் திட்டினால், ஏற்கெனவே தன்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அந்த நினைப்புக்கு இன்னொரு சாட்சி கிடைக்கிறது, அவ்வளவுதான்.

இனி முக்கியமான இடம். இரவில் உடல்வெப்பம் குறைந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் அடிமட்டத்தைத் தொடும். யாரும் எழுப்பாமல் தானாக விழிக்கும் நேரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அது நடக்கும். அந்தப் புள்ளிக்குப் பிறகு கண்ணில் படும் பலமான வெளிச்சம் கடிகாரத்தை முன்னுக்கு இழுக்கும். மறுநாள் சீக்கிரம் தூக்கம் வரும். அதற்கு முன்பு பட்டால் பின்னுக்குத் தள்ளும். அதனால் அதைத் திருப்புப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

கணக்காகப் பார்ப்போம். ஒரு பிள்ளை அதிகாலை 4 மணிக்குத் தூங்கிப் பகல் 12 மணிக்குத் தானாக எழுகிறான். அவனுடைய திருப்புப்புள்ளி காலை 9 முதல் 10 மணிக்குள் எங்கோ இருக்கும். அவனை ஆறு மணிக்கு உலுக்கி எழுப்பி மொட்டைமாடி வெயிலில் நிறுத்தினால், அவன் உடம்புக்கு அது நள்ளிரவு வெளிச்சம். இரண்டு மணி நேரத் தூக்கத்தோடு எழுந்ததால் பகலெல்லாம் எரிச்சல். மத்தியானம் விழுந்து தூங்குவான். அன்று இரவு இன்னும் தாமதமாகத் தூக்கம் வரும். நான்கு நாளில், "வெயிலும் பார்த்தாச்சு, ஒண்ணும் நடக்கல" என்று வீடே கைவிடும். வெளிச்சத்தின் மேல் குற்றமில்லை, வேளைதான் தப்பு.

ஆகவே முதல் இரண்டு வாரம் விளக்கும் வேண்டாம், வெயிலும் வேண்டாம், குறிப்பு மட்டும். பட்டாலைக் கூடத்துச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரே போதும். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் நான்கு எண்கள்: படுத்த நேரம், தூங்கியிருக்கலாம் என்று தோன்றும் நேரம், விழித்த நேரம், பகலில் தூங்கிய நிமிடம். அலாரம் வைத்தோ ஆள் எழுப்பியோ விழித்த நாளுக்கு ஒரு வட்டம் போடுங்கள். கணக்குக்கு வட்டமில்லாத நாட்கள்தான் உதவும். பிள்ளையே எழுத வேண்டும்; பெற்றவர்கள் எழுதினால் அது வேவு பார்ப்பதாகிவிடும். வாரநாளில் ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு ஞாயிறு பதினொரு மணி வரை தூங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஞாயிற்றுத் தூக்கத்தில் பழைய கடனும் சேர்ந்திருக்கும். அவர்களுக்கு, தூங்கத் தொடங்கிய நேரத்தோடு எட்டு மணி நேரத்தைக் கூட்டி, அதையே இயல்பான விழிப்பு நேரமாக வைத்துக்கொள்வது பத்திரம். இரண்டு வாரக் குறிப்பில் தூக்கம் தினமும் ஒரு மணி நேரம் நகர்ந்து கடிகாரத்தையே சுற்றி வருவதாகத் தெரிந்தால் அது வேறு கோளாறு. வீட்டுக் கணக்கு அதற்கு உதவாது, மருத்துவரிடம் போக வேண்டும்.

குறிப்பு கையில் வந்தபின், இயல்பாக எழும் நேரத்திலேயே வெளிச்சத்தைத் தொடங்குங்கள். மேலே சொன்ன பிள்ளைக்கு அது பகல் 12 மணி. ஆம், உச்சிப்பொழுதில்தான் சிகிச்சை தொடங்குகிறது. அக்கம்பக்கத்தார் சிரித்தால் சிரிக்கட்டும். இரண்டு மூன்று நாள் அந்த நேரத்தில் நிலைத்ததும் அலாரத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்து அரை மணி முன்னே கொண்டு வரலாம். பிறகு மறுபடியும் இரண்டு மூன்று நாள், அரை மணி. பன்னிரண்டிலிருந்து ஏழுக்கு வரப் பத்துப் படிகள். மூன்று வாரம் முதல் ஒரு மாதம் ஆகும். ஒரு படியில் தூக்கம் கூடவே முன்னால் வரவில்லை என்றால் அங்கேயே இன்னும் மூன்று நாள் நில்லுங்கள். விழிப்பை மட்டும் இழுத்துக்கொண்டு போனால் தூக்கம் குறையுமே தவிர கடிகாரம் நகராது. 14 முதல் 17 வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை, அதற்கு மேல் இருபத்தைந்து வரை ஏழிலிருந்து ஒன்பது.

தொடக்க நாட்களில் திருப்புப்புள்ளிக்கு முன்பு வெளிச்சம் படாமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையில் பாதி. நம் பழைய வீடுகள் இதற்கென்றே கட்டியவை போல உதவும். வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றமான வளவைச் சுற்றியுள்ள உள்ளறைகளில் கனத்த சுவரும் சின்ன ஜன்னலும்தான். கதவைச் சாத்தினால் காலை பத்து மணிக்கும் இருட்டு. ஆனால் அதே அறை பிறகு எதிரியாகும். எழுந்தபின்னும் அங்கேயே கிடந்தால் நாள் முழுக்க ஐம்பது நூறு லக்ஸைத் தாண்டாத வெளிச்சத்தில் கழியும், கடிகாரத்துக்குப் பகல் என்ற சேதியே போய்ச் சேராது. கீழவீதி மேலவீதி இரண்டையும் தொட்டு நிற்கும் அத்தனை பெரிய வீட்டில் ஒரே ஒரு அறையில் ஒரு பிள்ளை பகலைக் கழிப்பது இன்று அபூர்வமில்லை. அப்பச்சியும் ஆத்தாவும் (அப்பாவும் அம்மாவும்) வெளிநாட்டில், வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் மட்டும் என்றால் கேட்கவே வேண்டாம்.

வெளிச்சத்தை எங்கே பிடிப்பது? திறந்த வளவின் நடுவில், வானம் தெரியும் இடத்தில், வெயில் நேராக விழாவிட்டாலும் காலை எட்டு மணியளவில் பல ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். ஐப்பசி கார்த்திகை மூட்டத்தில்கூடச் சில ஆயிரத்துக்குக் குறைவது அரிது. ஆனால் தூண்களைத் தாண்டிக் கூரைக்குள் இரண்டு மூன்று எட்டு வைத்தால் வெளிச்சம் மளமளவென்று இறங்கும். கண் அதற்குப் பழகிக்கொள்வதால் வித்தியாசம் தெரியாது. அதனால் நாற்காலியைத் தூணுக்கு உட்புறம் போடாமல் விளிம்பில், முகம் திறப்பைப் பார்க்கும்படி போட வேண்டும். குரங்குக்கும் மழைக்கும் பயந்து வளவின் மேல் பச்சை, நீல ஃபைபர் ஷீட் போட்ட வீடுகள் ஏராளம். பழைய ஷீட்டில் படிந்த பாசியும் தூசும் வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அங்கே வளவை நம்பாமல் திண்ணைக்கோ மாடிக்கோ போவது நல்லது. கிழக்கு பார்த்த முகப்புத் திண்ணை காலை ஏழு முதல் எட்டரை வரை முதல்தரமான இடம். அதற்கு மேல் சித்திரை வெயிலில் யாரும் உட்கார மாட்டார்கள், உட்காரவும் வேண்டாம்.

ஃபோனில் லக்ஸ் அளக்கும் செயலி இலவசம். எண் துல்லியமாக இராது, ஆனால் இரண்டு இடங்களை ஒப்பிடப் போதும். கண் இருக்கும் உயரத்தில், திரை வெளிச்சத்தைப் பார்க்கும்படி பிடித்து அளக்க வேண்டும். மேசைமேல் படுக்கவைத்து அளந்தால் வேறு எண் வரும். வானத்தின் பக்கம் முகம் இருந்தால் போதும், சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது. சூரியனை உற்றுப் பார்ப்பது கண்ணுக்கு நல்லது என்று சொல்லித்தரும் காணொளிகளை நம்பி விழித்திரையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. பவர் கண்ணாடி போட்டிருந்தால் கழற்ற வேண்டாம். வெயிலில் கறுக்கும் கண்ணாடி என்றால் சாதாரணக் கண்ணாடிக்கு மாறுங்கள். தொப்பி வேண்டாம்.

இடமோ நேரமோ ஒத்துவராதவர்களுக்குத்தான் விளக்கு. விடுதி அறை, அடுக்குமாடி, விடியும் முன்பே எழ வேண்டிய நர்சிங் மாணவி ஆகியோருக்கு அது அவசியம். சிகிச்சைக்கென்று விற்கும் பெட்டி வாங்கினால் இரண்டைப் பாருங்கள்: புற ஊதாக் கதிர் வடிகட்டப்பட்டிருக்கிறதா, 10,000 லக்ஸ் என்பது எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில். சின்னப் பலகைகளில் அந்த எண் பதினைந்து சென்டிமீட்டரில் கிடைப்பதாக இருக்கும். மூக்கு இடிக்கும் தூரத்தில் யாரும் அரை மணி உட்கார மாட்டார்கள்.

உள்ளூர் எலெக்ட்ரிக்கல் கடையில் ஃபால்ஸ் சீலிங்குக்கு விற்கும் டூ பை டூ (இரண்டடிச் சதுர) எல்இடி பேனலும் உதவும். 36 முதல் 40 வாட், வெள்ளை வெளிச்சம், 3,600 முதல் 4,000 லூமென் (விளக்கு உமிழும் மொத்த ஒளியின் அளவு) என்று பெட்டியில் இருக்கும். பரப்பையும் லூமெனையும் வைத்துக் கணக்குப் போட்டால், நேர் எதிரே 30 சென்டிமீட்டரில் ஐந்தரை முதல் ஆறாயிரம் லக்ஸ் வரும். 60 சென்டிமீட்டருக்குத் தள்ளினால் இரண்டாயிரத்து ஐந்நூறு அளவுக்கு இறங்கிவிடும். வழக்கமான அளவு 10,000 லக்ஸில் 30 நிமிடம், 5,000இல் ஒரு மணி நேரம், 2,500இல் இரண்டு மணி நேரம். ஆக இந்தப் பேனலுக்கு ஒரு பள்ளிக்கூட ஸ்கேல் தூரத்தில் ஐம்பது நிமிடம் முதல் ஒரு மணி நேரம். வெள்ளை எல்இடியில் புற ஊதாக் கவலை இல்லை. மலிவான டிரைவர் (எல்இடிக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) போட்ட பேனல் துடிக்கும். ஃபோன் கேமராவில் பார்த்தால் கறுப்புப் பட்டைகள் ஓடும், தலைவலிக்கு அது ஒரு காரணம். பிளக்கும் வயரும் எலக்ட்ரீஷியன் போட்டுத் தரட்டும். பின்பக்கம் டிரைவர் திறந்து தொங்குவதை அப்படியே கட்டில்மேல் சாய்த்து வைப்பது ஆபத்து. செல்ஃபி எடுக்கும் ரிங் லைட், சிவப்பு விளக்கு, படிப்பு விளக்கு எதுவும் இதற்கு ஈடாகாது.

பேனலை முகத்துக்குச் சற்று மேலே வைத்துக் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும். விழித்திரையின் கீழ்ப்பாதிக்கு இந்த விஷயத்தில் கூர்மை அதிகம், மேலிருந்து வரும் வெளிச்சம் அங்கேதான் விழும். விளக்கையே பார்க்க வேண்டியதில்லை. கண் திறந்திருக்க, முகம் அந்தப் பக்கம் இருந்தால் போதும். தோற்றுப்போவது பெரும்பாலும் ஃபோனால்தான்: மடியில் வைத்துக் குனிந்து பார்த்தால் நெற்றிக்கு வெளிச்சம், கண்ணுக்கு நிழல். ஃபோனைப் பேனலுக்கு அடியில் சாய்த்து நிறுத்திப் பார்க்கச் சொன்னால் சண்டையும் இல்லை. அதைவிட நல்லது, காலைப் பலகாரத்தை அங்கேயே கொடுப்பது. வெள்ளைப் பணியாரம் தட்டில் இருக்கும் வரை பிள்ளை எழுந்து போகாது. எழுந்தவுடன் சாப்பிடுவது கடிகாரத்துக்கும் நல்லது.

மாலைப் பக்கம் சுருக்கமாக. தூக்க நேரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு பட்டாலை டியூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் பல்பு. காப்பி மத்தியானம் மூன்றோடு சரி. பகல் தூக்கம் வேண்டுமென்றால் இருபது நிமிடம், நான்கு மணிக்கு முன்பு. ஃபோன் திரையின் நீல ஒளியைப் பற்றிய பயம் ஊதிப் பெருக்கப்பட்டது என்பது என் கருத்து. திரையின் வெளிச்சத்தைவிட, முடிவில்லாமல் ஓடும் ரீல்ஸ்தான் ஆளைப் பிடித்து வைக்கிறது. மெலட்டோனின் மாத்திரைக்கும் வேளைக் கணக்கு உண்டு, மருத்துவர் சொல்லாமல் தொட வேண்டாம்.

யாருக்கு இது கூடாது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "வெளிச்சம்தானே" என்ற அலட்சியம் இருக்கிறது. விழித்திரை நோய் உள்ளவர்கள் கண் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது. சில மருந்துகள் தோலையோ கண்ணையோ வெளிச்சத்துக்குக் கூசவைக்கும்: டாக்ஸிசைக்ளின், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், வெண்புள்ளிக்குத் தரும் சோராலென், மனநோய்க்கான குளோர்புரோமசின். இளைஞர்களில் பருவுக்கு மாத்திரை சாப்பிடுவோர் அதிகம், ஆனால் நாமாகக் கேட்டாலொழிய அதைச் சொல்ல மாட்டார்கள். முதல் சில நாள் லேசான தலைவலி, கண் எரிச்சல், குமட்டல் வரலாம். தூரத்தைக் கூட்டியோ நேரத்தைப் பாதியாக்கியோ பார்த்தால் பெரும்பாலும் அடங்கும்.

பெரிய அபாயம் வேறு. குடும்பத்தில் யாருக்காவது இருதுருவ மனநோய் (பைபோலார்) இருந்தால், அல்லது பிள்ளைக்கே முன்பு காரணமில்லாத உற்சாக நாட்கள் வந்துபோயிருந்தால், காலை வெளிச்சம் மனச்சோர்விலிருந்து எதிர்க்கோடிக்குத் தூக்கிவிடலாம். மூன்று மணி நேரம் தூங்கியும் களைப்பில்லை, பேச்சு நிற்கவில்லை, திடீரென்று பெரிய திட்டங்களும் செலவும் என்றால் அன்றே விளக்கை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். "பிள்ளை கலகலப்பாயிட்டான்" என்று மகிழ்ந்து வாரங்களைக் கடத்திவிடும் வீடுகள் உண்டு. இருதுருவ நோயாளிகளுக்கு உச்சிவேளை வெளிச்சம் கொடுத்துச் செய்த ஆய்வு 2018இல் நல்ல பலன் காட்டியது, ஆனால் அது மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தோடு, மருத்துவர் கண்காணிப்பில். இன்னொன்று, எந்தச் சிகிச்சையிலும் மனம் தெளியும் முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடலாம். சாவு பற்றிய பேச்சு ஏற்கெனவே இருந்த பிள்ளை என்றால் முதல் வாரங்களில் தனியே விடக் கூடாது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளிச்சம் மருந்தோடும் பேச்சு சிகிச்சையோடும் சேர்ந்து நிற்பது. அவற்றின் இடத்தைப் பிடிப்பதல்ல.

மேலே சொன்ன முழுக்கணக்கும் தூக்கம் பின்னால் தள்ளிப்போனவர்களுக்கானது. மனச்சோர்வில் வேறொரு வகையும் உண்டு: பத்து மணிக்குத் தூங்கி மூன்று மணிக்கே விழித்து, விடியும் வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது. இவர்களை நாலு மணிக்கே விளக்கின் முன் உட்கார வைத்தால் விழிப்பு இன்னும் முன்னே போகலாம். இவர்களுக்கு வேளையை முடிவு செய்வது மருத்துவர் வேலை.

பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். முதலில் நகர்வது காலண்டரில் இருக்கும் எண்கள், பிறகுதான் முகம். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் இரண்டிலும் அசைவில்லை என்றால் நீட்டிக்க வேண்டாம். அசைந்திருந்தால் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம், கடிகாரம் சில நாட்களிலேயே பழைய இடத்துக்கு வழுக்கும். வேண்டிய விழிப்பு நேரத்தை எட்டிய பிறகு, ஒரு மணி நேரத்தை அரை மணியாக்கித் தொடரலாம். ஞாயிறு விடுப்பு கிடையாது. அதிகம் போனால் ஒரு மணி நேரத் தளர்வு. கல்யாண வீட்டிலும் மஞ்சுவிரட்டுக்கு முந்தைய இரவிலும் விழித்திருந்தால், மறுநாள் எழும் நேரத்தில் வெளிச்சத்தைத் தொடங்கி, படியில் ஒன்றிரண்டு கீழே இறங்கி மறுபடி ஏறிக்கொள்ளலாம். செமஸ்டர் விடுமுறையில் தொடங்குவது உத்தமம். விடுதிக்குத் திரும்பும்போது பேனலைக் கட்டிக்கொண்டு போக முடியாது. கிழக்கு ஜன்னல் ஓரக் கட்டிலைக் கேட்டு வாங்குவதும், மெஸ்ஸுக்குப் போகும் முன் மைதானத்தில் அரை மணி நடப்பதும் அங்கே செய்யக்கூடியவை. நடக்கப் பிடிக்காதவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் சேரும்.